பினாங்கின் பலகாரப் பஞ்சாங்கம்



காலண்டரைப் பார்க்காமல் இது எந்த மாதம் என்று சொல்ல முடியுமா? தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கித்தா மரம் இலை உதிர்த்துக் காலடியில் சருகு நொறுங்கினால் பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டது என்று அர்த்தம். பினாங்குப் பட்டணத்து ஆட்களும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் பார்ப்பது மரத்தை அல்ல, கடையை. வாழையிலையில் வேகவைத்த பழுப்பு நிறப் பணியாரம் அடுக்கியிருந்தால் சீனப் பெருநாள் நெருங்குகிறது. டுரியான் மணம் மூக்கைத் துளைத்தால் ஆண்டின் நடுப்பகுதி. முறுக்குப் பொட்டலங்கள் மலைபோல் குவிந்தால் நம் தீபாவளி. சிவப்பும் வெள்ளையுமாக மாவு உருண்டைகள் விற்றால் டிசம்பர் பிறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது.

"பினாங்குக்குப் போயிருக்கிறீர்களா?" என்று உங்களைக் கேட்டால், "ஏன் போகாமல்? வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் போகிறோமே!" என்பீர்கள். வாஸ்தவம். தண்ணீர்மலை ஏறுவீர்கள், இரதம் பார்ப்பீர்கள், தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிப்பீர்கள், பிள்ளைக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்து பஸ் ஏறிவிடுவீர்கள். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்தப் பட்டணம் என்ன செய்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

எட்டிப் பார்க்கிறவர்கள் வெளிநாட்டார். 2002-ஆம் ஆண்டு அரசாங்கம் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்றொரு திட்டத்தைக் கொண்டு வந்தது. அதன் வழியாகவும் வேறு வழிகளிலும் வந்து பினாங்கில் குடியேறிய வெள்ளைக்காரர்களும் ஜப்பானியர்களும் உண்டு. வந்த புதிதில் அவர்களுக்கு ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. ஊரை எப்படிப் படித்துக் கொள்கிறார்கள் என்கிறீர்கள்? நாக்கால்தான்!

இது பினாங்கில் மட்டும் நடக்கிற சங்கதியல்ல. ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கு மூலையில் கத்தலோனியா என்றொரு பகுதி இருக்கிறது. பார்சலோனா, ஜிரோனா போன்ற நகரங்கள் அங்கே உள்ளன. அங்கேயும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பலகாரம். நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களை நினைக்கும் நாளை ஒட்டி, பாதாம் மாவில் பிடித்த சின்னச் சின்ன உருண்டைகளும் சுட்ட கஷ்கொட்டையும். ஜூன் 23 இரவு, தெருவில் நெருப்பு மூட்டி, பழம் பதித்த நீள ரொட்டி. ஜனவரி 6-இல் வளையம் போன்ற ஒரு ரொட்டி செய்வார்கள். அதற்குள் ஒரு குட்டி ராஜா பொம்மையும் ஒரு காய்ந்த மொச்சையும் ஒளிந்திருக்கும். ராஜா யார் துண்டில் வருகிறாரோ அவருக்குக் காகிதக் கிரீடம். மொச்சை யார் பல்லில் படுகிறதோ, அவர்தான் ரொட்டிக்குக் காசு கட்ட வேண்டும்! அந்த ஊரில் குடியேறும் அந்நியர்களும் இந்தப் பலகாரங்களைப் பிடித்துக்கொண்டுதான் வருஷத்தைக் கடக்கிறார்கள். மொச்சை ஒரு முறை பல்லில் பட்டுவிட்டால் அப்புறம் அவர் அந்நியர் அல்லவே.

நம் பினாங்குக்கு வருவோம். ஓர் அம்மாள், எந்த நாடாகவும் இருக்கட்டும், ஜனவரி மாதத்தில் ஜார்ஜ் டவுனில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணில் முதலில் படுவது கரும்பு. மார்க்கெட் தெரு, அதாவது நம்மவர் வாயில் 'கடைத்தெரு', அங்கே பொங்கலுக்குக் கரும்புக் கட்டு வந்து சாய்ந்திருக்கும். பக்கத்திலேயே மண்பானை, மஞ்சள் கொத்து. சர்க்கரைப் பொங்கல் என்றால் என்ன என்று அந்த அம்மாளுக்கு யாராவது ஒரு கரண்டி கொடுத்தே சொல்லிவிடுவார்கள்.

பொங்கல் முடிந்து சில வாரம் சென்றதும் மறுபடி கரும்பு வரும். இந்த முறை சீனர் வீட்டு வாசலில், வேரோடும் தோகையோடும். இது என்ன கதை? சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியன் மக்களுக்குப் புத்தாண்டைவிடப் பெரிய நாள். முன்னொரு காலத்தில் எதிரிகளுக்குப் பயந்து ஓடிய அவர்களுடைய மூதாதையர் கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் பிழைத்தார்களாம். வெளியே வந்த நாள் விண்ணரசனின் பிறந்தநாளாம். ஆகவே எட்டாம் நாள் இரவே மேசை போட்டு, இரு பக்கமும் கரும்பு கட்டி, ஆமை வடிவச் சிவப்பு மாவுப் பலகாரமும் பழமும் படைத்து வணங்குகிறார்கள். துறைமுகக் கரையில், கடல்மேல் கால் நட்டுக் கட்டிய 'சியூ ஜெட்டி' வீடுகளில் அந்த இரவு பார்க்கத் தகுந்தது. நடு இரவுவரை கூட்டம் கலையாது.

கரும்பு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

நாமெல்லாம் கித்தாவுக்காக வந்தவர்கள் என்றுதான் சொல்லிக் கொள்கிறோம். அதற்கு முன்பே நம்மவர் ஒரு கூட்டம் கரும்புக்காக வந்தது. பினாங்குக்கு எதிர்க்கரை, இன்று செபராங் பிறை என்கிறோமே, அன்றைய புரொவின்ஸ் வெல்லஸ்லி, 19-ஆம் நூற்றாண்டில் கரும்பு பூமி. முதலில் பத்து காவான் பக்கம் சீனர்கள் பயிரிட்டார்கள். 1840-களில் வெள்ளைக்காரத் துரைமார் பெரிய அளவில் இறங்கினார்கள். கரும்பு வெட்டவும் சுமக்கவும் ஆலையில் பிழியவும் ஆள் வேண்டுமே? நாகப்பட்டினத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டவர்கள் நம் சனங்கள். நிபோங் திபால் பக்கத்துக் காலிடோனியா தோட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 99 கதவு பங்களாவுக்குப் பேர்போன அந்தத் தோட்டம் கரும்புத் தோட்டமாக இருந்து பிறகு கித்தாவுக்கு மாறியது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. அந்தக் காலத்தை ஒட்டியே கரும்பும் ஒழிந்து பால்மரம் வந்தது. இப்போது அதே மண்ணில் செம்பனை நிற்கிறது, வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன.

ஆகையால் இனிப்புக்கும் நமக்கும் உள்ள உறவு வாயில் தொடங்கவில்லை, கையில் தொடங்கியது. தோகை கிழித்த கை. சீனி ஆக்கிக் கொடுத்தவர்கள் அக்கரையில், அதைப் பலகாரமாகச் சுட்டுத் தின்ற பட்டணம் இக்கரையில். பின்னால் கித்தாத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கும் அதே கதைதான். கப்பலில் வந்த கூலியாட்கள் நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பூலாவ் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அங்கிருந்து அப்படியே தோட்டம். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தும்வரை இப்படி வந்தவர்கள் ஏராளம். பினாங்கு விளக்குகளை அவர்கள் தூரத்தில் இருந்து பார்த்திருப்பார்கள். உள்ளே போய் ஒரு கிண்ணம் செண்டோல் குடித்திருப்பார்களா? நீங்களே யோசித்துப் பாருங்கள். பட்டணம் சுற்றிப் பார்க்கிற வெள்ளைக்கார அம்மாளைக் கண்டால் எனக்குப் பொறாமை இல்லை. நம் பாட்டிக்குக் கிடைக்காத பினாங்கை நாமாவது பார்க்க வேண்டாமா என்ற ஆதங்கம்தான்.

சரி, கதைக்கு வருவோம். சீனப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே அந்த அம்மாளின் கையில் 'தீ குவே' வந்துவிடும். இனிப்புப் பணியாரம் என்பதுதான் அந்த ஹொக்கியன் பெயருக்குப் பொருள். மலாய்க்காரர்கள் 'குவே பாக்குல்' என்கிறார்கள், கூடைப் பணியாரம். புளூட் அரிசி மாவும் சீனியும் கலந்து, வாழையிலை விரித்த கூடையில் ஊற்றிப் பல மணி நேரம் ஆவியில் வேகவைப்பார்கள். பசைபோல ஒட்டும். ஏன் ஒட்ட வேண்டும்? சீனர் வீட்டு அடுப்படியில் ஒரு சாமி இருக்கிறார். வருஷம் முழுக்க வீட்டில் நடந்ததை எல்லாம் பார்த்துக் கொண்டிருந்து, புத்தாண்டுக்கு முன் மேலே போய் விண்ணரசனிடம் ஒப்பிப்பது அவர் வேலை. மாமியார் மருமகள் சண்டை முதல் மாமனார் கடன் வாங்கியதுவரை எல்லாம் அவருக்குத் தெரியும்! கிளம்பும் முன் இந்தப் பணியாரத்தைப் படைத்துவிட்டால், வாய் ஒட்டிக் கொண்டு பேச முடியாது, பேசினாலும் இனிப்பாகத்தான் பேசுவார். என்ன சாமர்த்தியம் பாருங்கள். நம் லயங்களிலும் இப்படி ஒரு சாமி இருந்திருந்தால் பணியார வியாபாரம் அமோகமாக நடந்திருக்கும்.

பெருநாள் கழிந்து பணியாரம் கெட்டிப்பட்டதும், அதைத் துண்டு போட்டு, சேப்பங்கிழங்கு ஒரு பக்கம் சீனிக்கிழங்கு ஒரு பக்கம் வைத்து, மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். பச்சையாகத் தின்பதைவிட இதுதான் ருசி என்பது என் கட்சி. பதினைந்தாம் நாள் 'சாப் கோ மே'. அன்று பினாங்கு பாபா ஞோஞா வீடுகளில் கிழங்கும் வாழைப்பழமும் போட்டுத் தேங்காய்ப்பாலில் 'பெங்காட்' காய்ச்சுவார்கள். நம் பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். அன்று மாலை எஸ்பிளனேடு கடற்கரையில் பெண்பிள்ளைகள் நல்ல மாப்பிள்ளை வேண்டிக் கடலில் ஆரஞ்சுப் பழம் வீசுவது பழைய வழக்கம்.

இதற்கு நடுவிலோ முன்பின்னோ தைப்பூசம் வந்துவிடும். அது உங்களுக்கே தெரியும். 1894-இல் இந்தியாவிலிருந்து நகரத்தார் தருவித்த வெள்ளி இரதம் இன்றும் ஓடுகிறது. 2017 முதல் மலைக்கோயிலுக்குத் தங்க இரதமும் வந்திருக்கிறது. இரதத்தின் முன் மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைக்கிறவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். அவர்கள் நம் பஞ்சாமிர்தத்தைக் கையேந்தி வாங்குகிறார்கள். அவர்களுடைய தீ குவேயை நம்மில் எத்தனை பேர் வாயில் வைத்திருக்கிறோம்?

ஆண்டின் நடுப்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதக் கடைசியிலிருந்து ஜூலைவரை பாலிக் பூலாவ் மலைச் சரிவில் டுரியான். சீனர்களின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் மூங்கில் இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம். அதில் மஞ்சள் நிறமாக, உள்ளே ஒன்றும் வைக்காமல் செய்கிற 'கீ சாங்' என்பதைக் குலா மலாக்கா பாகில் தொட்டுத் தின்ன வேண்டும். நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து கொண்டே இருப்பதால் அதற்கு நிலையான பருவம் கிடையாது. ஆனால் எப்போது வந்தாலும் அந்த மாதம் மாலையில் ஒட்டுக்கடைகள் வரிசையாக முளைத்துவிடும். பாண்டான் இலையைப் படகாகக் கட்டி, அடியில் சீனியும் மேலே தேங்காய்ப்பால் கூழுமாக 'தெப்போங் பெலித்தா' விற்பார்கள். பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு நிலாப் பணியாரம். தாமரை விதை விழுதுக்கு நடுவே உப்பிட்ட முட்டையின் மஞ்சள் கருவை வைத்து, அதையே நிலா என்கிறார்கள். விலைதான் நிலாவிலேயே இருக்கிறது.

புரட்டாசி அமாவாசை கழிந்ததும் நம் நவராத்திரி. குயின் தெரு ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலில், 1833-இல் எழுந்த கோயில் அது, ஒன்பது இரவும் கொண்டாட்டம். சுண்டல் வாசனை தெருமுனைவரை வரும். அதே சமயம் ஊரெங்கும் மஞ்சள் கொடி கட்டிச் சீனர்கள் சைவம் சாப்பிடுவதைக் காண்பீர்கள். அது ஒன்பது பேரரசர் திருவிழா, அவர்களுடைய ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள். இரண்டும் ஒரே அமாவாசையைப் பிடித்து எண்ணுகிற வருஷங்களில் ஒன்றாகவே வந்துவிடும். 2022-இல் இரண்டும் செப்டம்பர் 26 அன்று தொடங்கின, 2024-இல் அக்டோபர் 3 அன்று. சீனர் கணக்கில் ஓர் ஆறாம் மாதம் கூடுதலாக வந்த 2025-இல் மட்டும் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. ஒரு பட்டணம், ஒரே ஒன்பது நாள், இரண்டு சனங்கள் மாமிசம் விலக்கி இருக்கிறார்கள். யார் சொல்லி வைத்தது?

பிறகு தீபாவளி. அந்த அம்மாளை எந்தத் தமிழர் வீட்டுக்காவது கூட்டிப் போய்விடுவார்கள், சந்தேகமில்லை. அதிரசம், நெய் உருண்டை, முறுக்கு எல்லாம் தட்டில் வரும். அச்சு முறுக்கைக் கண்டதும் அவர், "இதைச் சீனப் பெருநாளிலும் ஹரி ராயாவிலும் தின்றேனே!" என்பார். உண்மைதான். மாவில் தோய்த்து எண்ணெயில் உதறும் அந்தப் பூ அச்சு மூவின வீட்டிலும் இருக்கிறது. மலாயில் 'குவே ரோஸ்' என்றோ 'குவே லோயாங்' என்றோ பெயர். பலகாரத் தட்டு அக்கம்பக்கம் போய்வந்த காலத்தில் எந்த அச்சு யார் வீட்டு அச்சு என்று யார் கணக்குப் பார்த்தார்கள்? வெறுந் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று ஒரு பிடி சீனியாவது வைத்துத் தருவோமே, அந்த வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறதா?

சீனி என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. "வீட்டில் மூன்று பேருக்கு இனிப்பு நீர், நீர் பலகாரக் கதை பேசுகிறீரே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. நம்மவரிடையே இது மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதும் தெரிந்த செய்தி. ஆனால் யோசித்துப் பாருங்கள். பாட்டி காலத்தில் அதிரசம் வருஷத்துக்கு ஒரு முறை. வெல்லம் வாங்கி, அரிசி இடித்து, பாகு பதம் பார்த்து, மாவைப் புளிக்க வைத்து, அத்தனை பாடுபட்டு வருகிற பலகாரத்தை ஆளுக்கு இரண்டு தின்பார்கள், தீர்ந்தது. பருவமே ஒரு பத்தியமாக இருந்தது. இப்போது சூப்பர் மார்க்கெட்டில் லட்டு தினமும் கிடைக்கிறது. பசியாறும்போது கெட்டிப்பால் தேத்தண்ணீர், பத்து மணிக்கு இன்னொன்று, மாலையில் மைலோ ஐஸ். நாளெல்லாம் தீபாவளி கொண்டாடினால் கிளினிக்கில் வரிசை நிற்கத்தான் வேண்டும். பழியைப் பாட்டியின் அதிரசத்தின் மேல் போடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் பண்டிகையன்று எவ்வளவு தொடலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்!

டிசம்பர் 21, 22-இல் பகல் குறுகி இரவு நீளும் நாள். அன்று சீனர் வீட்டில் சிவப்பு, வெள்ளை மாவு உருண்டைகளை இஞ்சி தட்டிய சீனிப்பாகில் மிதக்கவிட்டுக் கிண்ணத்தில் கொடுப்பார்கள். பினாங்கில் 'ஈ' என்பார்கள். அதைத் தின்றால் ஒரு வயது கூடிவிட்டதாகக் கணக்கு. நமக்கும் அது மார்கழி, திருவாதிரைக் களி வருகிற மாதம். கிறிஸ்துமஸ் வந்தால் செரானிக்காரர் வீட்டில் 'சூஜி கேக்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் ரவைதான்! வெண்ணெயும் பாதாமும் சேர்த்துச் சுடுகிறார்கள். வந்த அம்மாளுக்கு இத்துடன் ஒரு வருஷம் பூர்த்தி.

பண்டிகை இல்லாத நாளில் போனால் என்ன கிடைக்கும் என்கிறீர்களா? அதற்கும் பினாங்கில் குறைவில்லை. பினாங்கு ரோட்டில் இருந்து பிரியும் கெங் குவி தெருச் சந்தில், 1936 முதல் வியாபாரம் நடக்கும் செண்டோல் கடை இருக்கிறது. பச்சைப் புழுப்போல் பாண்டான் மாவு இழைகள், தேங்காய்ப்பால், குலா மலாக்கா, சிவப்புக் கடலை, ஐஸ். நின்றுகொண்டே குடிக்கிறார்கள். அதற்கு அருகே சௌராஸ்தா மார்க்கெட். சௌராஸ்தா என்றால் நாற்சந்தி என்று பொருள். அங்கே ஊறவைத்த பழங்கள் கண்ணாடி ஜாடிகளில் நிற்கும். அதில் ஜாதிக்காயை மறக்காமல் வாங்குங்கள். மருந்துச் சரக்கு என்று நாம் கொட்டையை மட்டும் அறிவோம். பினாங்கில் அந்தப் பழத்தின் தசையை ஊறுகாயாகவும் இனிப்பாகவும் செய்கிறார்கள், குளிர்ந்த நீராகவும் விற்கிறார்கள். ஊருக்கு வாங்கிப் போக வேண்டுமென்றால் பாசிப்பயற்று விழுது வைத்த 'தம்பூன்' பிஸ்கட். இந்தப் பட்டணத்தில் 1856-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய கம்பெனி இன்றும் அதைச் செய்து விற்கிறது.

பூலாவ் தீக்குஸ், பர்மா ரோட்டுப் பக்கம் காலையில் போனால் 'அப்போம்' கிடைக்கும். பெயரிலேயே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறதல்லவா? வரிசையாக அடுப்பு வைத்து, சின்னச் சின்னச் சட்டியில் தேங்காய்ப்பால் மாவை ஊற்றிச் சுழற்றி, ஓரம் மொறுமொறுப்பாக, நடு மெத்தென்று எடுப்பார்கள். நம் ஆப்பம்தான். கொஞ்சம் தள்ளிச் சீனர் கடையில் அதே மாவில் வாழைப்பழமும் சோளமும் வைத்து மடித்துக் கொடுப்பார்கள். மோட்டார் சைக்கிளில் ஆரன் அடித்து வரும் 'புட்டு மாயாம்' நம் இடியாப்பம், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் தூவி. காவடித் தண்டில் சோற்றுப்பானையும் குழம்புப்பானையும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம் அண்ணன்மார் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சோறுதான் நாசி கண்டார். 1907-இல் தொடங்கிய கடை கேம்பல் தெருவில் இன்னமும் இருக்கிறது. 2024 டிசம்பரில் நம் நாட்டுக் காலைப் பசியாறும் பழக்கத்தையே, ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரேக் எல்லாவற்றோடும் சேர்த்து, யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் ஏற்றியது. நம் கை பிசைந்த மாவும் அதில் இருக்கிறது.

ஆனால் இந்த அடுப்புகள் எத்தனை நாள் எரியும்? அதுதான் எனக்குக் கவலை. ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. குறைந்த வாடகையில் தட்டாரும் தையற்காரரும் பலகாரக்காரரும் குடியிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தச் சட்டம் நீங்கியது. வாடகை ஏறியது, பழைய குடிகள் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் உலகப் பாரம்பரிய நகரம் என்ற கௌரவம் கிடைத்தது. கட்டடங்கள் இடிபடாமல் தப்பின, அது நல்லது. ஆனால் பல கடைவீடுகள் தங்கும் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறின. சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் படத்தின் முன் போட்டோ எடுக்க ஆர்மீனியன் தெருவில் வரிசையில் நிற்கிறார்கள். சட்டி முன்னால் வெந்து நிற்கிறவரை யார் படம் எடுத்தது?

ஒட்டுக்கடையில் வெளிநாட்டுத் தொழிலாளர் சமைக்கக் கூடாது என்று பினாங்கு மாநில அரசாங்கம் 2016 ஜனவரி முதல் தடை போட்டது. ருசி மாறிவிடும் என்ற பயம். எனக்கு இதில் அரை மனதுதான். நம் பாட்டன் வெளிநாட்டுத் தொழிலாளி அல்லவா? அவன் கை ருசியைத்தானே இன்று பினாங்கு ருசி என்கிறோம்? தடை போட்டு அந்நியர் கையை எடுத்துவிடலாம். சட்டிக்காரரின் மகனும் மகளும் படித்து ஆபீசுக்குப் போன பிறகு, கரண்டியை யார் கையில் கொடுப்பது? அவர்களைப் படிக்காதே என்று சொல்லவும் நமக்கு வாய் வராது. நாமே பிரட்டுக் களத்திலிருந்து பிள்ளைகளைத் தப்புவிக்கத்தானே படாத பாடு பட்டோம்.

ஆகவே, போகிறவர்கள் சீக்கிரம் போய்வாருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து கடல் தாண்ட இன்றும் ஃபெரி உண்டு. 1894-இல் தொடங்கிய சேவை அது. நாம் காரோடு ஏறிப்போன பழைய இரண்டுதட்டு ஃபெரிகள் 2020 முடிவில் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் புதியவை வந்தன. அவற்றில் ஆளும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான். கார் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். பிள்ளைகளை மேலே நிற்கவைத்துக் கூட்டிப் போங்கள். பட்டணத்துக்குள் கால்நடையாகச் சுற்றுவதே வசதி. கடைக்காரரிடம், "இந்த மாதத்துக்கு உங்களிடம் என்ன விசேஷம்?" என்று கேளுங்கள். தினமும் விற்பதை எடுத்து நீட்டமாட்டார். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அவர் பாட்டி செய்த கதையும் வரும்.

தோட்டத்து வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்தில் எந்த மாதத்துக்கு எந்தப் பலகாரம் இருந்தது? மாரியம்மன் திருவிழாக் கூழுக்கு எதைக் கரைத்தார்கள்? ஆடிப் பிறப்புக்கு உங்கள் வீட்டில் என்ன செய்தார்கள்? மரவள்ளிக் கிழங்கில், பலாக்கொட்டையில் பாட்டிமார் செய்த இனிப்பு ஏதாவது உண்டா? அளவும் பக்குவமுமாக, பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதி அனுப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டுவாக்கில் என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.